பின்னூட்டம்: ஒருமுறை கேட்டவர் மறுமுறையும் கேட்பாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்த வேலையைக் காட்டி ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்பவருக்கும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவருக்கும் இந்தப் பக்கம். பின்னூட்டம் சரியானதா, கூர்மையானதா என்று பேசுபவர்கள் நிறையப் பேர். அதைப் பெற்றவர் மறுபடி கேட்க வந்தாரா என்று கவனிப்பவர்கள் குறைவு. எங்களுக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. திறமை ஒரே பதிலில் வளர்வதில்லை. கேட்பது நின்றுபோன இடத்தில் எவ்வளவு நல்ல ஆலோசனை காத்திருந்தாலும் அது யாருக்கும் போய்ச் சேராது.

ஒருமுறை கிடைத்த பதில், அடுத்தமுறை கேட்பதை எப்படி மாற்றுகிறது?

எந்தப் பதிலிலும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று வேலையைப் பற்றியது: எது சரி, எது சரியில்லை. மற்றது கேட்டதைப் பற்றியது: கேட்டதால் பயன் கிடைத்ததா, கூனிக் குறுக நேர்ந்ததா, காத்திருந்து அலுத்துப்போனதா. அடுத்தமுறை அவர் வாய் திறப்பாரா என்பதைப் பெரும்பாலும் இந்த இரண்டாவது செய்திதான் முடிவுசெய்கிறது.

சூசன் ஆஷ்ஃபோர்டு, லாரி கம்மிங்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1983-இல் வெளியிட்ட கட்டுரை, மனிதர்கள் பின்னூட்டம் தேடுவதைப் பற்றிய ஆய்வுகளுக்கு அடித்தளம். அதுவரை பின்னூட்டம் என்றால் மேலே இருப்பவர் கொடுப்பது, கீழே இருப்பவர் வாங்கிக்கொள்வது என்றே பெரும்பாலும் பார்க்கப்பட்டது. மனிதர்கள் தாங்களே அதைத் தேடிப் போகிறார்கள், போகுமுன் லாபநட்டம் பார்க்கிறார்கள் என்று இவர்கள் வாதிட்டார்கள். செலவு மூன்று வகை. முதலாவது உழைப்பு: ஆளைப் பிடிப்பது, நேரம் வாங்குவது, நினைவூட்டுவது. இரண்டாவது மானம்: ‘இதுகூடத் தெரியாதா’ என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். மூன்றாவது ஊகம்: கிடைத்த பதிலுக்கு உண்மையில் என்ன பொருள் என்று மண்டையை உடைத்துக்கொள்வது.

பத்து நாள் கழித்து வரும் அருமையான பதில் உழைப்புச் செலவைக் கூட்டுகிறது. எல்லோர் முன்னாலும் சொல்லப்படும் திருத்தம், நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும், மானச் செலவைக் கூட்டுகிறது. ‘பரவாயில்லை’ என்ற ஒற்றைச் சொல் ஊகச் செலவைக் கூட்டுகிறது. யாராவது கேட்பதை நிறுத்திவிட்டால், இந்த மூன்றில் எது ஏறியது என்று முதலில் பாருங்கள். பரிகாரம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

பாராட்டினால் மறுபடி கேட்பார்கள், குறை சொன்னால் நிறுத்திவிடுவார்கள். இவ்வளவுதானே?

பாதி உண்மை. அந்தப் பாதிக்கு வலுவான சான்று இருக்கிறது. டேவிட் எய்ல், ஜஸ்டின் ராவ் இருவரும் 2011-இல் வெளியிட்ட சோதனையில், அறிவுத்திறனிலும் தோற்றத்திலும் தாங்கள் குழுவில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம் என்பதைப் பற்றிப் பங்கேற்றவர்களுக்குச் சிறு சிறு துப்புகள் கொடுக்கப்பட்டன. கடைசியில், உண்மையான இடத்தைத் தெரிந்துகொள்ள எவ்வளவு பணம் தருவீர்கள் என்று கேட்டார்கள். நல்ல துப்புகள் வந்தவர்கள் தெரிந்துகொள்ளப் பணம் தரத் தயாராக இருந்தார்கள். மோசமான துப்புகள் வந்தவர்களோ தெரிந்துகொள்ளாமல் இருக்கப் பணம் தரத் தயாராக இருந்தார்கள். பங்குச் சந்தை முதலீட்டாளர்களிடமும் இதே போக்கு தெரிகிறது: சந்தை ஏறும்போது கணக்கை அடிக்கடி திறந்து பார்க்கிறார்கள், இறங்கும்போது அந்தப் பக்கமே போவதில்லை.

சமூக ஊடகத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை அலசி 2021-இல் வெளியான ஆய்வும் இதை ஒட்டியே நிற்கிறது. விருப்பக்குறிகள் கூடக்கூட, ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி சுருங்கியது.

மற்றப் பாதிதான் சுவையானது. கைதேர்ந்தவர்கள் குறையைத் தேடிப் போகிறார்கள். தன்னைத் தாழ்வாக எண்ணுபவரும் குறையைத் தேடிப் போகிறார், ஆனால் முற்றிலும் வேறு காரணத்துக்காக. சில வகைப் பாராட்டு, மேற்கொண்டு கேட்கும் ஆசையையே அணைத்துவிடுகிறது. கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

புதிதாகத் தொடங்கியவரும் அனுபவசாலியும் ஒரே மாதிரியான பதிலையா தேடுகிறார்கள்?

இல்லை. ஸ்டேசி ஃபிங்கல்ஸ்டீனும் ஆயலெட் ஃபிஷ்பாக்கும் 2012-இல் காட்டியது இது: புதியவர்கள் எதைச் சரியாகச் செய்தோம் என்று கேட்கிறார்கள். தேர்ச்சி ஏறஏற, எங்கே தவறினோம் என்று கேட்கும் பக்கம் சாய்கிறார்கள்.

புதியவர் மனதில் ஓடும் கேள்வி ‘எனக்கு இது வருமா, இதில் நேரம் போடலாமா?’ என்பது. பாராட்டு அதற்கு நேரடி விடை. அனுபவசாலிக்கு அந்தக் கேள்வி எப்போதோ முடிந்துவிட்டது. ‘போதிய வேகத்தில் முன்னேறுகிறேனா?’ என்பதுதான் அவர் கேள்வி. அதற்குக் குறைதான் விடை. அதனால் புதியவரிடம் பன்னிரண்டு திருத்தங்களை அடுக்கினால், ‘உனக்கு வராது’ என்று மட்டுமே அவர் காதில் விழும். அனுபவசாலியிடம் வெறும் பாராட்டைச் சொன்னால், இவர் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்து அடுத்தமுறை வேறொருவரிடம் போய்விடுவார்.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒருவரின் முதல் மூன்று நான்கு வேலைகளுக்கு, சரியாக வந்த இரண்டு இடங்களைச் சுட்டுங்கள். எந்த வரி, எந்த அசைவு, எந்தக் கணக்கு என்று விரலை வைத்துக் காட்டுங்கள். திருத்தம் ஒன்றே ஒன்று, அடுத்த முயற்சியிலேயே செய்து பார்க்கக்கூடியது. ‘இதில் எது சரியில்லை?’ என்று அவரே கேட்கத் தொடங்கும் நாளில் விகிதத்தை மாற்றுங்கள்.

பாராட்டு கேட்பதை நிறுத்துமா?

நிறுத்தும், அது ஆளைப் பாராட்டினால். கிளாடியா மியூலர், கேரல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு பகுதிக் குழந்தைகளை ‘நீ புத்திசாலி’ என்றும் இன்னொரு பகுதியினரை ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று பேரெடுத்த குழந்தைகள் கடினமான புதிர்களைத் தவிர்த்தார்கள். அடுத்து எதைப் படிக்கலாம் என்று விட்டபோது, புதிர்களை விடுவிக்கும் வழிகளை விட மற்றவர்கள் எத்தனை மதிப்பெண் எடுத்தார்கள் என்ற தகவலையே அதிகம் நாடினார்கள். கிடைத்த பட்டத்தைக் காப்பாற்றுவது அவர்கள் வேலையாகிவிட்டது. பட்டத்தைக் காப்பவர் குறையைக் கேட்டுப் போக மாட்டார்.

‘நீங்கள் பிறவி எழுத்தாளர்’ என்பதற்குப் பதில் ‘இரண்டாம் பத்தியில் காரணத்தை முதலில் வைத்ததால் வாதம் சட்டென்று பிடிபட்டது’ என்று சொல்லுங்கள். பின்னதைக் கேட்டவருக்கு மூன்றாம் பத்தியைப் பற்றியும் கேட்கத் தோன்றும்.

மதிப்பெண்ணையும் கருத்தையும் சேர்த்தே கொடுத்தால் என்ன?

மதிப்பெண் கருத்தை விழுங்கிவிடும். ரூத் பட்லர் 1988-இல் பள்ளி மாணவர்களை மூன்று பிரிவாக்கினார்: கருத்து மட்டும், மதிப்பெண் மட்டும், இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்களிடம் வேலையில் ஆர்வம் நிலைத்தது. இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே ஆர்வம் இழந்தார்கள். எண்ணைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், கருத்தை முதலில் கொடுங்கள். அதை வைத்து ஒருமுறை திருத்தச் சொல்லுங்கள். எண் கடைசியில் வரட்டும்.

பின்னூட்டம் எப்போதும் நன்மையே செய்யும் என்பது சரியா?

சரியல்ல. ஆவ்ரஹாம் க்ளூகரும் ஏஞ்சலோ டெநிசியும் 1996-இல் முந்தைய ஆய்வுகளிலிருந்து 607 விளைவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் 23,663 அவதானிப்புகள். சராசரியாகப் பின்னூட்டம் செயல்திறனைக் கூட்டியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான விளைவுகளில் அது செயல்திறனைக் குறைத்தது.

அவர்கள் தந்த விளக்கம், கவனம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. கவனம் வேலையின் நுணுக்கத்தில் இருக்கும்வரை பின்னூட்டம் உதவும். ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற இடத்துக்கு நகர்ந்த கணத்தில் உதவி குறைகிறது. பிறகு அவர் திருத்துவதை விட்டுவிட்டுத் தன்னைத் தற்காத்துக்கொள்ளத் தொடங்குகிறார்.

எந்தப் பதிலும் வராவிட்டால்?

மௌனத்தை யாரும் மௌனமாகவே எடுத்துக்கொள்வதில்லை. வேலை மோசம், கேட்டது தொந்தரவு, என்னை மதிக்கவில்லை: இந்த மூன்றில் ஒன்றாக மனம் அதை நிரப்பிக்கொள்கிறது. செய்தித் தளங்களில் கருத்து எழுதுபவர்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், எதிர்ப்பைச் சம்பாதித்தவர்கள் விலகவில்லை. முன்பைவிட அடிக்கடி, முன்பைவிட மோசமாக எழுதினார்கள். விலகிப் போகும் வாய்ப்பு அதிகம் இருந்தது எந்த எதிர்வினையும் கிடைக்காதவர்களுக்குத்தான்.

நேரமில்லை என்றால் ஒரு வரி எழுதுங்கள்: ‘கிடைத்தது. வியாழக்கிழமைக்குள் பார்த்துச் சொல்கிறேன்.’ வியாழனன்று முடியாவிட்டால் புதிய நாளைச் சொல்லுங்கள். நீங்கள் சரியான ஆள் இல்லை என்றால் அன்றே சொல்லிவிடுங்கள். தாமதமான மறுப்பைவிட உடனடி மறுப்பு நல்லது, ஏனென்றால் அவர் வேறொருவரைக் கேட்கலாம்.

எதிர்ப்பு வந்தும் ஏன் அடிக்கடி எழுதினார்கள்? அப்படியானால் திட்டுவது வேலை செய்கிறதா?

அதிகம் பங்கேற்பது வேறு, பின்னூட்டம் தேடுவது வேறு. திட்டு வாங்கியவர் தன் பக்கத்தை நிலைநாட்டத் திரும்பி வருகிறார். கற்றுக்கொள்ள வருபவர் கேள்வியோடு வருவார். வரும் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள்.

தன்னைத் தாழ்வாக நினைப்பவர் ஏன் குறை சொல்பவரையே தேடுகிறார்?

வில்லியம் ஸ்வான் 1980களிலிருந்து தொடர்ந்து ஆராய்ந்த விஷயம் இது. மனிதர்களுக்குப் பாராட்டு வேண்டும். கூடவே, தங்களைப் பற்றித் தாங்கள் வைத்திருக்கும் எண்ணம் சரிதான் என்ற உறுதியும் வேண்டும். தன்னைப் பற்றி உயர்வாக எண்ணுபவருக்கு இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. தாழ்வாக எண்ணுபவருக்குக் கிடைப்பதில்லை. பாராட்டு இனிக்கிறது, ஆனால் நம்ப முடியவில்லை. குறை கசக்கிறது, ஆனால் பழகிய உலகம் குலையாமல் நிற்கிறது. மனச்சோர்வில் இருப்பவர்கள் தங்களைக் குறைவாக மதிப்பவர்களையே நாடும் போக்கை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1992-இல் பதிவு செய்தார்கள்.

இப்படிப்பட்டவரிடம் ‘இல்லையில்லை, பிரமாதம்!’ என்று பொங்கினால் உங்கள் சொல் மதிப்பிழக்கும். மறுக்க முடியாத சிறு உண்மையைச் சொல்லுங்கள். ‘போன முறை ஏழு இடத்தில் கணக்கு தவறியது, இந்த முறை இரண்டு’ என்பதை அவரும் எண்ணிப் பார்த்து ஒப்புக்கொள்வார்.

சிலர் கேட்காமலே முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறார்களே?

ஆஷ்ஃபோர்டும் கம்மிங்ஸும் பிரித்துக் காட்டிய இரண்டு வழிகளில் அது ஒன்று. வாய்விட்டுக் கேட்பது ஒரு வழி, கவனித்துத் தெரிந்துகொள்வது மற்றொரு வழி. மானச் செலவு ஏறிய இடங்களிலெல்லாம் ஆட்கள் இரண்டாவது வழிக்கு மாறுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் அக்கறை இல்லாதவர் போலத் தெரியும். உண்மையில் அவர் ஒவ்வொரு முகச்சுளிப்பையும், தாமதமாக வந்த ஒவ்வொரு மின்னஞ்சலையும் எடைபோட்டுக்கொண்டிருப்பார்.

கவனிப்பதில் ஊகச் செலவு மிக அதிகம். மேலாளரின் முகம் வாடியிருந்தது தலைவலியாலும் இருக்கலாம். குழுவில் யாரும் கேட்பதே இல்லை, ஆனால் எல்லோரும் பதற்றமாக இருக்கிறார்கள் என்றால், அங்கே கேட்பது எங்கோ ஒருமுறை விலை உயர்ந்துபோயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒருவருக்கு நேர்ந்தாலும் பார்த்தவர்கள் எல்லோருமே கற்றுக்கொள்வார்கள்.

அனுபவம் கூடினால் ஏன் கேட்பது குறைகிறது?

முப்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான மறுஆய்விலும் வயது, பணிக்காலம் கூடக்கூடக் கேட்பது குறைவது தெரிகிறது. ஒரு காரணம் நியாயமானது: வேலை பழகிவிட்டது, சொல்லாமலே பல விஷயம் தெரிகிறது. இன்னொன்று ஆபத்தானது: ‘இத்தனை வருடம் கழித்து இதைக் கேட்பதா’ என்ற கூச்சம். வெளியில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மேலே பார்த்த ஃபிங்கல்ஸ்டீன், ஃபிஷ்பாக் முடிவோடு இது முரண்படவில்லை. அனுபவசாலி கேட்கும் தடவைகள் குறையலாம். கேட்கும்போது அவர் தேடுவது குறையை.

கேட்டால் பலவீனமாகத் தெரியாதா?

எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆஷ்ஃபோர்டும் ஆன் சூயும் 1991-இல் மேலாளர்களை ஆராய்ந்தார்கள். குறைகளைக் கேட்டு வந்த மேலாளர்களை, அவர்களுக்கு மேலே இருந்தவர்கள், கீழே இருந்தவர்கள், சமமானவர்கள் எல்லோருமே திறமையானவர்களாக மதிப்பிட்டார்கள். பாராட்டைக் கறக்கும் நோக்கில் கேட்டவர்களைப் பற்றிய மதிப்பு இறங்கியது. பயம் நியாயமானதுதான், ஆனால் அது தவறான கேள்வியின் மீது விழுந்திருக்கிறது.

பயனுள்ள பதில் கிடைக்கும்படி எப்படிக் கேட்பது?

‘எப்படி இருக்கிறது?’ என்ற கேள்விக்கு ‘நன்றாக இருக்கிறது’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்வது கடினம். எதிரே இருப்பவர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறுவார்.

முதலில், வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள். ‘முதல் வரைவு, அமைப்பு இன்னும் மாறலாம்’ என்றால் அவர் எழுத்துப்பிழையில் நேரத்தைச் செலவழிக்க மாட்டார். மூன்றில் ஒரு பங்கு முடிந்திருக்கும்போது கேட்பது நல்லது. முழுதாக முடித்த பிறகு கேட்டால் மாற்ற உங்களுக்கே மனம் வராது, அதைப் பார்ப்பவரும் சொல்லத் தயங்குவார்.

பிறகு, ஒன்றோ இரண்டோ கேள்வி மட்டும் கேளுங்கள். கேள்வியில் இடம் இருக்கட்டும்: ‘எந்த இடத்தில் வாசிப்பு தடைப்பட்டது?’, ‘எட்டு நிமிடப் பேச்சில் எதை வெட்டலாம்?’, ‘இரண்டாவது படியைத் தனியாகச் செய்து பார்க்க முடிந்ததா?’. ‘சரியாக இருக்கிறதல்லவா?’ என்பது கேள்வியே அல்ல, ஆமோதிப்புக்கான விண்ணப்பம்.

நடந்ததை மதிப்பிடச் சொல்வதைவிட, அடுத்தமுறைக்கு ஆலோசனை கேட்பது நல்ல பலன் தருகிறது. ‘அடுத்த முறை நான் வேறு மாதிரி செய்ய வேண்டியது ஒன்றைச் சொல்லுங்கள்’ என்றால், எதிரே இருப்பவர் தீர்ப்பு சொல்லும் சங்கடத்திலிருந்து விடுபடுகிறார். சொல்வதும் செய்யக்கூடியதாக இருக்கும்.

உங்களுக்கே தெரிந்த ஒரு குறையை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்: ‘முடிவு அவசரமாக முடிகிறது என்று எனக்கே படுகிறது. அதைத் தவிர வேறென்ன?’ அவருக்கு வாயைத் திறக்க அனுமதி கிடைத்துவிடும்.

யாரிடம் கேட்பது? வேலையை நேரில் பார்த்தவரிடம். இரண்டு மூன்று பேர் போதும், தனித்தனியாக. ஒரே இடத்தை இரண்டு பேர் சுட்டினால் அந்த இடத்தில் சிக்கல் இருக்கிறது. தீர்வு விஷயத்தில் அவர்கள் முரண்படலாம், அது பரவாயில்லை. சிக்கல் எங்கே என்று சொல்வதில் வாசகர் பெரும்பாலும் சரி. தீர்வைச் செய்தவரே கண்டுபிடிப்பதுதான் நல்லது.

எல்லோரும் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்கிறார்கள். என்ன செய்வது?

கெட்ட செய்தி சொல்ல மனிதர்கள் தயங்குகிறார்கள் என்பதை சிட்னி ரோசனும் ஏப்ரஹாம் டெஸரும் 1970-இலேயே சோதித்துக் காட்டினார்கள். 2022-இல் வெளியான ஆய்வுத் தொடர் ஒன்றில், ஆய்வாளர் முகத்தில் கறையோடு போய் ஆட்களிடம் கருத்துக்கணிப்பு எடுத்தார். கறையைச் சொன்னவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. சொல்லப்படுபவர் எவ்வளவு தூரம் கேட்க விரும்புவார் என்பதைச் சொல்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது அந்த ஆய்வின் முடிவு. ஐந்து நொடியில் துடைத்துவிடக்கூடிய கறைக்கே இப்படி என்றால், ஒரு மாத உழைப்பைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்?

மழுப்பலான பதில் வந்தால் அங்கேயே இரண்டாம் கேள்வியைப் போடுங்கள். ‘பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள்?’ என்று கேளுங்கள். ‘எட்டு’ என்பார். ‘ஒன்பதாக்க எதை மாற்ற வேண்டும்?’ என்று தொடருங்கள். அதற்கு வரும் பதில்தான் நீங்கள் தேடியது. எண் வெறும் கதவு. அதைக் குறித்துவைத்து ஒப்பிடத் தொடங்காதீர்கள்.

பதில் கேட்டவுடன் நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

மிகவும் கவனமாக. கேட்பவர் கற்றுக்கொள்வது போலவே சொல்பவரும் கற்றுக்கொள்கிறார். நீங்கள் முகம் சுளித்தால், நீண்ட விளக்கம் கொடுத்தால், அடுத்தமுறை அவரிடமிருந்து ‘நன்றாக இருக்கிறது’ என்பது மட்டும்தான் வரும். பல பேர் தாங்களே கதவைச் சாத்திவிட்டு, யாரும் உண்மை சொல்வதில்லை என்று வருந்துவது இப்படித்தான்.

சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். புரியாததைத் தெளிவுபடுத்திக்கொள்ள மட்டும் கேளுங்கள். ‘ஆனால்’ என்று தொடங்கும் எதையும் அன்று சொல்ல வேண்டாம். நன்றி சொல்லுங்கள். ஒரு நாள் கழித்துக் குறிப்பைத் திறந்து மூன்றாகப் பிரியுங்கள்: உடனே மாற்றுவது, யோசிக்க வேண்டியது, ஏற்காதது. எல்லாவற்றையும் ஏற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படி இதற்கடுத்தது. ஓரிரு வாரத்துக்குள் அவரிடம் திரும்பிப் போய், ‘நீங்கள் சொன்னபடி தொடக்கத்தை மாற்றினேன், இதோ’ என்று காட்டுங்கள். ஏற்காத ஒன்றிருந்தால் காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள். தன் சொல் எங்கே போனது என்று கண்ட ஒருவர் அடுத்தமுறை இன்னும் கவனமாகப் பார்ப்பார். எங்கள் கணிப்பில், நீண்டகாலம் நல்ல பின்னூட்டம் பெறுபவர்களையும் பெறாதவர்களையும் பிரிப்பது இந்தச் சின்னப் பழக்கம்தான்.

கடுமையான விமர்சனத்துக்குப் பிறகு கேட்கவே மனம் வரவில்லை. எப்படி மீள்வது?

சூடு கண்ட பூனையின் நிலை அது, கோழைத்தனம் இல்லை. தோல்விச் செய்தி நம் கவனத்தையே மூடிவிடுகிறது. லாரன் எஸ்கிரெய்ஸ்-விங்க்ளரும் ஃபிஷ்பாக்கும் 2019-இல் வெளியிட்ட சோதனைகளில் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே விடைகள். ‘தவறு’ என்று சொன்னாலே சரியான விடை எது என்று தெரிந்துவிடும். தகவல் அளவில் ‘சரி’ என்பதும் ‘தவறு’ என்பதும் ஒன்றே. ஆனாலும் ‘தவறு’ என்று கேட்டவர்கள் மறுதேர்வில் குறைவாகவே கற்றிருந்தார்கள். இன்னொருவர் தவறியதைப் பார்த்துக் கற்கச் சொன்னபோது அந்தக் குறை தென்படவில்லை. இடறியது அறிவு அல்ல, காயப்பட்ட தன்மதிப்பு.

மீள்வதற்கான வழியும் அதிலேயே இருக்கிறது. முதலில், அதே வகைத் தவறு செய்த வேறொருவரின் வேலையை எடுத்து அலசிப் பாருங்கள். அடுத்து, வந்த விமர்சனத்தை எழுதி, வேலையைப் பற்றிய வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டு உங்களைப் பற்றியவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது பெரும்பாலும் நாலைந்து வரிதான். யாகோவ் ட்ரோப்பும் எஃப்ராட் நெட்டரும் 1994-இல் கண்டது இன்னொரு உதவி: சற்று முன் ஒரு வெற்றியை அனுபவித்தவர்கள் தங்கள் பலவீனங்களைப் பற்றிய தகவலைக் கேட்க அதிகம் முன்வந்தார்கள். எனவே சுமாராகவாவது வெற்றி பெற்ற ஒரு வேலையை முடித்த கையோடு, வேறொருவரிடம், மிகச் சிறிய ஒரு பகுதியைப் பற்றி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பழைய விமர்சகரிடம் திரும்பிப் போவது அதற்குப் பிறகு.

பின்னூட்டம் சொல்பவர் எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

பாராட்டு, குறை, பாராட்டு என்று அடுக்கும் முறையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இரண்டு மூன்று தடவைக்குள் கேட்பவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். பிறகு உண்மையான பாராட்டு வந்தாலும் ‘ஆனால்’ எப்போது வரும் என்று காத்திருப்பார்.

ஒரே தடவையில் மூன்றுக்கு மேல் திருத்தம் வேண்டாம். பதினைந்து இருந்தால், மற்றவற்றைத் தானாகச் சரிசெய்துவிடக்கூடிய மூன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தேர்வுதான் உங்கள் உண்மையான உழைப்பு. கேட்காத இடத்தில் கை வைக்கும் முன் ‘வேறொன்றும் கண்ணில் பட்டது, சொல்லட்டுமா?’ என்று கேளுங்கள். திருத்தத்தைத் தனியாகச் சொல்லுங்கள். ‘எப்போதும் நீங்கள் இப்படித்தான்’ என்ற வாக்கியம் எந்த வடிவத்திலும் வேண்டாம், கவனத்தை வேலையிலிருந்து ஆளுக்கு இழுப்பதில் அதைப் போல வல்லது வேறில்லை.

ஆண்டு மதிப்பீட்டில் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாமா?

வேண்டாம். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நடத்திய ஆய்வை வைத்து ஹெர்பர்ட் மேயரும் உடன் ஆய்வாளர்களும் 1965-இல் எழுதியது இன்றும் பொருந்துகிறது. சம்பளத்தையும் முன்னேற்றத்தையும் ஒரே அமர்வில் பேசியபோது, குறைகள் கூடக்கூட ஊழியர்களின் தற்காப்பும் கூடியது. அதிகம் குறை சொல்லப்பட்ட அம்சங்களிலேயே முன்னேற்றம் குறைவாக இருந்தது. சம்பளம் பற்றிய பேச்சையும் வேலையை மேம்படுத்தும் பேச்சையும் வேறு வேறு நாளில் வையுங்கள். இரண்டாவது, சில வாரத்துக்கு ஒருமுறை, பதினைந்து நிமிடம் நடந்தால் போதும்.

ஒருவர் ஓயாமல் ‘சரியாக இருக்கிறதா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அவர் தேடுவது ஆறுதல். ஒவ்வொரு ‘சரியாக இருக்கிறது’ம் சற்று நேரத்துக்குப் பதற்றத்தைத் தணிக்கிறது, அதனாலேயே மறுபடி கேட்க வைக்கிறது. அதட்டினால் பதற்றம்தான் ஏறும். தீர்ப்பைக் கொடுக்காமல் அளவுகோலைக் கொடுங்கள்: நல்ல வேலைக்கு அடையாளமான நாலைந்து அம்சங்களை எழுதிக் கொடுத்து, முதலில் அவரே சரிபார்த்து வரச் சொல்லுங்கள். பிறகு அவருடைய மதிப்பீடு உங்களுடையதோடு எங்கே பொருந்தியது என்று காட்டுங்கள். பொருந்திய இடங்கள் சேரச்சேரக் கேள்விகள் குறையும். மிஞ்சும் கேள்விகள் நல்லவையாக இருக்கும்.

எப்போது பின்னூட்டம் கேட்கக் கூடாது?

முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, எதைச் சொன்னாலும் மாற்றப்போவதில்லை என்றால் கேட்காதீர்கள். கேட்டுவிட்டுப் புறக்கணித்தால் சொன்னவர் அடுத்தமுறை சொல்ல மாட்டார். மேடை ஏறுவதற்கோ சமர்ப்பிப்பதற்கோ ஒரு மணி நேரம் இருக்கும்போது அமைப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். அப்போது எழுத்துப்பிழை, ஒலிவாங்கி, நேரம் இவற்றை மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள். கோபத்திலோ பெரும் களைப்பிலோ இருக்கும்போது கேட்பதை மறுநாளுக்குத் தள்ளுங்கள். வேலையை இன்னும் பார்க்காத ஒருவரிடம் கேட்டால் கிடைப்பது உங்களைப் பற்றிய அபிப்பிராயம்தான். முதலில் வேலையை அனுப்புங்கள், படித்துவிட்டாரா என்று உறுதிசெய்யுங்கள், பிறகு கேளுங்கள்.